ரப்பர் கட்டைவிரல்

கடி நடந்து எழுபத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் குழந்தையின் பெற்றோர் குணமூல நிர்ணயச் சபைக்கு வந்து பதிவு செய்ய வேண்டும், தவறினால் கடிக்கும் இயல்பு நிரூபிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று சபையின் கடிதத்தில் இருந்தது. குழந்தையின் தாயான பல்செட் செய்பவள் விரல்களில் பிளாஸ்டர் மாவு காயக் காய ஓடி வந்திருந்தாள்.

சபையின் வேலை எளிமையானது. ஒரு குழந்தை தவறு செய்தால், அந்தக் கெட்ட குணம் பிறப்பில் வந்ததா, வளர்ப்பில் வந்ததா என்று அது தீர்மானிக்கும். தவறு நடந்ததா என்று கேட்காது. அது சபையின் தகுதிக்குக் குறைவான கேள்வி.

கட்டடத்துக்குள் இரண்டு மாடிப்படிகள் இருந்தன. இடது படி பிறப்புப் பிரிவுக்கு, வலது படி வளர்ப்புப் பிரிவுக்கு. மாடியில் இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர். சுவர் எழுப்பியபோது குடிதண்ணீர்க் குழாய் வளர்ப்புப் பக்கமும் கழிப்பறை பிறப்புப் பக்கமும் மாட்டிக்கொண்டன. முப்பது வருடங்களாக ஒரு பிரிவு தாகத்தை அடக்கிக்கொண்டும் இன்னொரு பிரிவு மற்றதை அடக்கிக்கொண்டும் வேலை பார்த்தன. கொள்கை என்று வந்தபின் உடம்பைப் பார்க்க முடியாது.

இரண்டு படிகளுக்கும் நடுவில் ஒரு மேசை. அங்கே எழுத்தர் உட்கார்ந்திருந்தார்.

"யாரு கடிச்சது?"

"என் பொண்ணு சார். ஏழு வயசு."

"யாரைக் கடிச்சா?"

"உங்க பிறப்புப் பிரிவுத் தலைவரை."

எழுத்தர் பாதி எழுந்து, இடது படியைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணா? விரல்ல கட்டுப் போட்டுட்டு வந்தாரு. பாவம், கையெழுத்துப் போட முடியல. கைநாட்டு வைக்கிறாரு. அதுவும் இடது கையில."

"காரணம் என்னன்னா சார்..."

"காரணத்துக்குக் கட்டம் இல்லம்மா." அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். அறுபத்து நான்கு கேள்விகள். உண்மைதான், கட்டம் இல்லை.

காரணத்தை அவள் கடி நடந்த அன்றைக்கே மகளிடம் கேட்டிருந்தாள். கேட்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறப்புப் பிரிவுத் தலைவர் பள்ளிக்கு வந்து, குழந்தைகளின் முகத்தைப் பார்த்தே குணத்தைச் சொல்வது எப்படி என்று உரையாற்றினார். உதாரணத்துக்கு ஒரு குழந்தை தேவைப்பட்டது. முதல் வரிசையில் ஒல்லியான உடம்பும் உருண்டைத் தலையுமாக உட்கார்ந்திருந்த குண்டூசியை மேடைக்கு அழைத்தார். வீட்டில் அவள் பெயர் அதுதான். தலைவர் அவள் வாய்க்குள் கட்டைவிரலை விட்டு, கன்னத்தை இழுத்துப் பிடித்து, எல்லோருக்கும் பற்களைக் காட்டினார். "இந்த மாதிரி அமைப்புள்ள வாய் ஒருக்காலும் கடிக்காது" என்றார். பிறகு நான்கு நிமிடம் பேசினார். விரலை எடுக்கவில்லை.

"வலிச்சுதும்மா. விரலை எடுங்கன்னு சொல்லலாம்னு பாத்தேன்" என்றாள் குண்டூசி. "பேசணும்னா வாயை ஒரு தடவை மூடணும்ல? மூடினேன்."

இதைத்தான் அவள் எழுத்தரிடம் சொல்ல வந்தாள். எழுத்தர் பேனாவை நீட்டினார்.

ஒன்று முதல் எட்டு வரை பெயர், முகவரி, தொழில். தந்தை என்ற இடத்தில், இறந்து நான்கு வருடம் என்று எழுதினாள். ஒன்பதாவது கேள்வி, பிறந்தபோது எடை. பேனா அங்கே நின்றது.

குண்டூசியின் பிறந்த எடை அவளுக்குத் தெரியாது. குண்டூசியைப் பெற்றது அவளில்லை. பத்தொன்பது நாள் குழந்தையாக இருந்தவளை அவளும் கணவரும் ஒரு காப்பகத்திலிருந்து எடுத்து வந்தார்கள். பிறகு ஊர் மாறினார்கள். கணவர் போன பின் இது தெரிந்த ஆள் உலகத்தில் இரண்டே பேர், அவளும் அவள் அண்ணனும். பத்து வயதில் குண்டூசியிடம் சொல்லலாம் என்று நினைத்திருந்தாள். எட்டு வயதாக இன்னும் மூன்று மாதம் இருந்தது.

மூன்று கிலோ என்று எழுதினாள்.

"முடிவு எப்படி சார் வரும்?" என்று கேட்டாள்.

"வளர்ப்புக் குறைன்னு வந்தா, நீங்க ஆறு மாசம் சாயங்கால வகுப்புக்கு வரணும். பிள்ளை வீட்டுலயே இருக்கும். பிறப்புக் குறைன்னு வந்தா, பிள்ளையை இயல்பு இல்லத்துக்கு அனுப்பிடுவோம். பதினெட்டு வயசுல திருப்பித் தருவோம்."

"திருப்பித் தருவீங்களா!"

"கையெழுத்து வாங்கிட்டுத்தான்" என்றார் எழுத்தர், அவள் அதற்குத்தான் பயப்படுகிறாள் என்பதுபோல.

அவள் முகத்தைப் பார்த்து அவருக்கே ஏதோ தோன்றியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். "காப்பகத்துலேர்ந்து எடுத்த பிள்ளைங்கன்னா பிறப்புப் பிரிவு தொடவே முடியாது. விதி பதினொண்ணு. பெத்த தாயோட தாடை அச்சு இல்லாம அவங்களுக்கு வேலை ஓடாது. சொந்தப் பிள்ளைங்கதான்மா பாவம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்படி யாராவது இருந்தா உங்ககிட்ட தனியா எழுதிக் கொடுக்கலாமா?"

"தனியாவா? அதெப்படி? பிறப்பு பத்தின வாக்குமூலம்னா சபை முன்னாடி, பிள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வாயால சொல்லணும். பிள்ளையோட உரிமையைக் காப்பாத்தத்தான் அந்த விதி."

முத்திரை குத்தினார். எழுபத்தொரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம்.

கண்காணிப்புக் காலம் நாற்பது நாள். முதல் நாள் சபையிலிருந்து ஒரு சிவப்பு அட்டை வந்தது. குண்டூசி அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கும் ஓர் உத்தரவு போயிற்று. எந்தக் குழந்தையும் அவளிடமிருந்து ஐந்தடிக்குள் வரக்கூடாது. ஐந்தடி எது என்று குழந்தைகளுக்குத் தெரியாது என்பதால் அவளைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போடவேண்டும். அவள் நகர்ந்தால்? உத்தரவில் அதற்கும் விடை இருந்தது. பள்ளிப் பியூன் சாக்பீஸோடு அவள் பின்னாலேயே போனார். கழிப்பறை வரை வட்டங்கள். இடைவேளை முடிவதற்குள் அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்.

"பாப்பா, கொஞ்சம் ஒரே இடத்துல நில்லும்மா" என்று கெஞ்சுவார்.

"நான் ஓடக்கூடாதா அங்கிள்?"

"ஓடலாம்மா. என்னாலதான் ஓட முடியல."

அவள் ஓடுவதை நிறுத்திக்கொண்டாள். 'குழந்தை பிறருடன் விளையாட விரும்புவதில்லை' என்று பள்ளி, சபைக்கு அறிக்கை அனுப்பியது.

மூன்றாம் நாள் ஒரு பெட்டி வந்தது. உள்ளே ரப்பரால் செய்த கட்டைவிரல். நகம், நகத்தடியில் வெள்ளைப் பிறை, கணுவில் சுருக்கம், எல்லாம் அச்சாக அப்படியே. அடியில் ஒரு வில்லும் முள் சுழலும் சிறு வட்டத் தகடும் இருந்தன. காலையில் இருபது தடவை, மாலையில் இருபது தடவை குழந்தை இதைக் கடிக்க வேண்டும். முள் காட்டும் எண்ணைத் தாய் பட்டியலில் குறிக்க வேண்டும்.

முதல் நாள் சராசரி மூன்று. குண்டூசிக்கு ரப்பர் வாடை பிடிக்கவில்லை.

"வேணாம்மா."

"கடிக்கலன்னா ஒத்துழைக்கலன்னு எழுதிடுவாங்கடி. கொஞ்சம் கடி."

"கடிச்சதுக்குத்தானே திட்டினாங்க?"

அவள் ரப்பர் விரலைத் துடைத்து மறுபடி நீட்டினாள். பதினைந்தாம் நாள் சராசரி ஆறு. இருபத்தைந்தாம் நாள் ஒன்பதரை. பட்டியலை எடுத்துக்கொண்டு இடது படி ஏறினாள்.

பிறப்புப் பிரிவுத் தலைவரின் அறையில் மூன்று படங்கள் மாட்டியிருந்தன. மூன்றிலும் ஒரே மூக்கு. தலைவரின் கட்டு இப்போது விரலைக் கடந்து மணிக்கட்டு வரை வளர்ந்திருந்தது.

"பாத்தீங்களா, கோடு எப்படி ஏறுதுன்னு?" பட்டியலை வைத்து வரைந்த வரைபடத்தைத் தூக்கிப் பிடித்தார். "யாரும் சொல்லித் தரல. தானா ஏறுது. இதுதான் இயல்பு."

"தினம் நாப்பது தடவை கடிக்க வச்சா யாருக்கும் ஏறும் சார்."

"நாங்க கடிக்க வைக்கல. உள்ள இருக்கறது வெளிய வர ஒரு வாய்ப்புக் கொடுக்கறோம்."

"அவ உங்களைக் கடிச்சதுக்குக் காரணம், நீங்க விரலை..."

"அம்மா, இதுல என் விரலை இழுக்காதீங்க. நான் இந்த வழக்குல நடுவர். புகார் கொடுத்தவரும் நான்தான், அதனால நடுவரா இருக்கறப்ப புகார்தாரரைப் பத்திப் பேசறது முறையில்ல." படங்களைக் காட்டினார். "அது என் தாத்தா. அது எங்கப்பா. மூணு பேரும் இதே நாற்காலி. பரீட்சை எதுவும் வைக்கல. தேவைப்படல. திறமை ரத்தத்துல வரும்ங்கறதுக்கு வேற என்ன ஆதாரம் வேணும்?"

அவளுக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. இறங்கி வந்தாள்.

வளர்ப்புக் குறை என்று தீர்ப்பு வந்துவிட்டால் போதும். ஆறு மாதம் வகுப்பு. யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். ஆகவே தான் ஒரு மோசமான தாய் என்று நிரூபிக்க வேண்டும். லிப்ட் மெக்கானிக்கான அண்ணனைக் கூப்பிட்டாள்.

"வீட்டைக் குப்பையாக்கு" என்றார் அண்ணன். அழுக்குத் துணிக் கூடையை எடுத்து வந்து கூடத்தின் நடுவில் கவிழ்த்தார். "அவளை ரெண்டு கெட்ட வார்த்தை பேசச் சொல்லு."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே."

"ஏழு வருஷமா என்னதான் வளத்த? நவுரு, நான் சொல்லித் தரேன்." குண்டூசியை மடியில் உட்கார வைத்து இரண்டு வார்த்தைகள் சொன்னார்.

குண்டூசி நோட்டை எடுத்தாள். "மாமா, ரெண்டாவதுல வர்றது சின்ன ர-வா பெரிய ற-வா?"

அண்ணன் யோசித்தார். அதை இதுவரை எழுதிப் பார்த்ததில்லை.

வளர்ப்புப் பிரிவுத் தலைவி மறுநாள் காலை வீட்டைச் சோதிக்க வந்தாள். பிள்ளை வளர்ப்பைப் பற்றி நான்கு புத்தகங்கள் எழுதியவள். வாசலில் நின்று காற்றை முகர்ந்தாள்.

"இவளை நான் அடிப்பேங்க" என்று பல்செட் செய்பவள் ஆரம்பித்தாள்.

"பொய் சொல்லாதம்மா" என்றாள் குண்டூசி. "உக்காருங்க ஆன்ட்டி. தண்ணி வேணுமா?"

'உண்மை பேசுகிறாள். பத்து. உபசரிக்கிறாள். பத்து.' தலைவி எழுதிக்கொண்டாள்.

"நாள் பூரா டிவி முன்னாடிதான் கிடப்பா. சொன்ன பேச்சு கேக்க மாட்டா."

"டிவி எங்க?"

டிவி இல்லை. அண்ணன் இதை யோசிக்கவில்லை. சுவரோரமாக மர அலமாரி இருந்தது. அதில் வரிசை வரிசையாகப் பிளாஸ்டர்த் தாடைகள், ஒவ்வொன்றின் கீழும் டாக்டர் அனுப்பிய சீட்டு. மேல் தாடையையும் கீழ் தாடையையும் மாட்டிக் கடிக்க வைத்துப் பார்க்கும் பித்தளைச் சட்டம் மேசைமேல் இருந்தது. இதைப் பார்த்து ஒரு குழந்தை கெட்டுப் போகலாமே என்று அவளுக்குத் திடீரென்று நம்பிக்கை வந்தது.

"பாருங்க, வீடெல்லாம் பல்லு. இதுக்கு நடுவுலதான் வளர்றா. இதைப் பாத்துத்தான் கடிக்கக் கத்துக்கிட்டிருப்பா."

"இதை வச்சு என்ன பண்ணுவே?" என்று தலைவி குண்டூசியைக் கேட்டாள்.

"ஜோடி சேப்பேன். மேல் பல்லும் கீழ் பல்லும் கலந்து போச்சுன்னா எதுக்கு எதுன்னு கண்டுபிடிச்சு அம்மாகிட்ட கொடுப்பேன்."

'தாயின் தொழிலில் உதவுகிறாள். இருபது.' அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் கூடத்தில் கவிழ்த்த துணிகளைக் குண்டூசி கூடையில் போட்டு முடித்திருந்தாள். அதற்கு ஒரு பதினைந்து.

தலைவி எழுந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. "இந்த வருஷம் நான் பாத்ததுல இதுதான் சிறந்த வளர்ப்பு. ஒரு குறையும் இல்ல. வாழ்த்துகள்மா. பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"மேடம், உங்களுக்கும் பிள்ளைங்க இருக்கும். தயவு பண்ணி ஏதாவது ஒரு குறை எழுதுங்க."

"எனக்கு ஒரு மகன். பிறந்து நாலாவது மாசத்துலேர்ந்து விடுதியிலதான் இருக்கான். வீட்டுல ஒரு குழந்தை இருந்தா வளர்ப்பைப் பத்தி நடுநிலையா எழுத முடியாது பாருங்க." கைப்பையை மூடினாள். "அவன்கூட யாரையோ கடிச்சதா கேள்வி. அது அவங்க அப்பா பக்கம்."

இனி பிறப்புப் பிரிவு மட்டும்தான் மிச்சம். முப்பதாம் நாள் தாயையும் மகளையும் தாடை அச்சு எடுக்க அழைத்தார்கள். தலைவரின் உதவியாளர் ஒரு இரும்புத் தட்டில் இளஞ்சிவப்புக் களியை நிரப்பினார். குதிரை லாட வடிவத் தட்டு. விளிம்பில் ஓரிடத்தில் சிறிய வெட்டு, கீழே விழுந்திருக்க வேண்டும்.

"களி தண்ணியா இருக்கு" என்றாள் பல்செட் செய்பவள். "பல்லு பதியாது. தட்டு மட்டும்தான் பதியும்."

"இது அறிவியல்மா, உங்க பட்டறை இல்ல" என்றார் தலைவர். கட்டு இப்போது முழங்கை வரை ஏறியிருந்தது.

தாயின் வாயில் வைத்து எடுத்த தட்டையே கழுவி, மறுபடி களி நிரப்பி, குண்டூசியின் வாயில் திணித்தார்கள். பெரியவர்களுக்கான தட்டு. குண்டூசிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் கடிக்கவில்லை. 'கடிக்கும் இயல்பை மறைக்கிறாள்' என்று உதவியாளர் குறித்தார்.

ஐந்து நாளில் முடிவு வந்தது. இரண்டு அச்சுகளின் கோட்டுப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒற்றுமை தொண்ணூற்று நான்கு விழுக்காடு என்று முத்திரை குத்தியிருந்தார்கள். அவள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பத்து வருடங்களில் சில ஆயிரம் தாடைகளைப் பார்த்தவள். அவளுடைய தாடை அகலம், குண்டூசியுடையது முன்பக்கம் கூர்ந்தது. இந்தக் கோட்டில் இரண்டும் ஒன்றுபோல் வட்டமாக வளைந்து போயின. ஓரத்தில் இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரு சிறு வெட்டு.

தட்டின் வெட்டு. அவர்கள் அளந்தது தட்டின் விளிம்பை. அந்தத் தட்டில் வாய் வைத்த எல்லோரும் முப்பது வருடங்களாக ஒருவருக்கொருவர் ரத்த உறவு.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் குண்டூசி அந்தத் தாளை அவள் கையிலிருந்து வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! தொண்ணூத்தி நாலா? நான் உன்னை மாதிரியா?"

"ம்."

"தொண்ணூத்தி நாலு பர்சன்ட் நீதானா நான்?"

முப்பத்தைந்து நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அந்தப் பிள்ளை சிரித்தது. கழுத்திலிருந்த சிவப்பு அட்டையைக் கழற்றி, பின்பக்கத்தில் 94 என்று பெரிதாக எழுதிக்கொண்டது. மறுநாள் பள்ளிக்கு அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போயிற்று.

அட்டையைத் திருப்பினாலும் வட்டம் போகவில்லை. முப்பத்தேழாம் நாள், வட்டத்துக்கு வெளியே நின்று ஒருவன் டீச்சரின் மீட்டர் ஸ்கேலால் அவளைக் குத்தினான். குண்டூசி திரும்பி உதட்டை விலக்கிப் பல்லைக் காட்டினாள். வகுப்பே அலறிக்கொண்டு வெளியே ஓடியது.

"எல்லாரும் ஓடறாங்கம்மா" என்று அன்று மாலை சொன்னாள். குரலில் வருத்தமும் இல்லை, குறும்பும் இல்லை. "கடிக்கவே வேணாம். காட்டினாலே போதும்." பிறகு நினைவுபடுத்தினாள். "இன்னும் இருபது தடவை கடிக்கணும்ல?"

ரப்பர் விரலை எடுத்து, தானே பெட்டியைத் திறந்து, தானே எண்ணிக் கடித்து முடித்தாள். பதினொன்றரை. பல்செட் செய்பவள் கையிலிருந்த, மெழுகு செதுக்கும் கத்தியைக் கீழே வைத்தாள். நாற்பது நாளுக்கு முன்னால் இந்த வீட்டில் கடிக்கும் பிள்ளை இல்லை. சபைதான் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. செய்து முடித்ததும் பிடித்துக்கொண்டு போகும்.

அன்றைக்கும் அடுத்த இரண்டு நாட்களும் சொல்லிவிட முயன்றாள்.

"குண்டூசி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்னம்மா?"

அட்டை மேசைமேல் கிடந்தது. 94.

"கை கழுவினியா?"

"கழுவிட்டேனே."

அண்ணன் போனில் கத்தினார். "சொல்லித் தொலையேன். பதினோரு வருஷம் பிள்ளையைப் பாக்காம இருக்கப் போறியா?"

"அது சந்தோஷமா இருக்குண்ணே. நாப்பது நாள்ல அது ஒண்ணுதான் அதுக்குச் சந்தோஷம்."

அண்ணன் கத்துவதை நிறுத்தினார். "அப்ப அந்தத் தட்டு விஷயத்தைச் சொல்லிப் பாரு. ஒருவேளை அவங்களுக்கு மூளை இருந்தா?" என்றார். லிப்ட் மெக்கானிக்குகள் பொதுவாக நம்பிக்கை உள்ளவர்கள்.

நாற்பத்தொன்றாம் நாள் விசாரணை. நீள மேசையின் நடுவில் சபைத் தலைவர். இடப்பக்கம் பிறப்புப் பிரிவுத் தலைவர். அவருடைய கை இப்போது கழுத்திலிருந்து துணித் தூளியில் தொங்கியது. வலப்பக்கம் வளர்ப்புப் பிரிவுத் தலைவி. ஓரத்தில் எழுத்தர். எதிரே இரண்டு நாற்காலிகள். குண்டூசியின் கால் தரையைத் தொடவில்லை. மடியில் அட்டையை 94 தெரியும்படி வைத்திருந்தாள்.

சபைத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"முப்பது வருஷமா இந்தச் சபையோட ஒரு தீர்ப்புகூடத் தப்புன்னு யாரும் நிரூபிச்சதில்ல. நிரூபிக்கறதுக்கு நாங்க வழி வைக்கல. அதுதான் ஒரு அமைப்போட பலம். எங்களுக்கு விருப்பு வெறுப்புக் கிடையாது. இந்த மாசம் வளர்ப்புக் குறை பன்னெண்டு, பிறப்புக் குறை பதினொண்ணு. இன்னைக்குக் கடைசி நாள். நடுநிலைங்கறது தானா வந்துடாது. எண்ணிப் பாத்துத்தான் கொண்டு வரணும்." குண்டூசியைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "ஆக, இந்தக் குழந்தைக்குப் பிறப்புக் குறை. தாய் ஏதாவது சொல்லணுமா?"

அவள் எழுந்தாள். கோட்டுப் படத்தை மேசைமேல் வைத்தாள். தட்டைப் பற்றிச் சொன்னாள். வெட்டைக் காட்டினாள். அவள் பட்டறையில் சின்னப் பிள்ளைகூட இந்தத் தப்பைச் செய்யாது என்றாள். அறை அமைதியாகக் கேட்டது.

"தட்டுல குறைன்னா, தட்டு வாங்கின பதினஞ்சு நாளுக்குள்ள எழுதித் தந்திருக்கணுமே" என்றார் சபைத் தலைவர்.

"எப்ப வாங்கினீங்க?"

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். "முப்பத்தொரு வருஷம் ஆச்சுங்க."

"அப்ப எனக்கு ஏழு வயசு சார்."

"வயசைக் காரணம் காட்டி விலக்குக் கேக்க முடியாதும்மா. உங்க பொண்ணுக்கும் ஏழு வயசுதான்."

பிறப்புப் பிரிவுத் தலைவர் தூளிக்குள்ளிருந்து ஒரு விரலை மட்டும் நீட்டினார். அந்த விரல் ஆரோக்கியமாக இருந்தது. "தொண்ணூத்தி நாலு. இந்தம்மா வாயும் அந்தக் குழந்தை வாயும் ஒரே அச்சு. ரத்தம் பேசுது. இவ்வளவு தெளிவான தாய் மகள் உறவை என் அனுபவத்துல பாத்ததே இல்ல. எங்கப்பா அனுபவத்துலயும் இல்ல."

குண்டூசி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

சபைத் தலைவர் பேனா மூடியைக் கழற்றினார்.

"விதி பதினொண்ணு" என்றாள் அவள்.

பேனா நின்றது. எழுத்தர் தலையைத் தூக்கினார்.

"பிள்ளையை ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய..."

"முடியாதும்மா. அந்த வாக்குமூலம் பிள்ளை முன்னாடிதான். அதுதான் அதோட உரிமை." சபைத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சொல்றதா இருந்தா சபையைப் பாத்துச் சொல்லுங்க. சத்தமா. எழுத்தர் எழுதிக்கணும்."

அவள் சபையைப் பார்க்கவில்லை. மேசைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, குண்டூசியின் நாற்காலிக்கு முன்னால் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். தொங்கிக்கொண்டிருந்த இரண்டு கால்களையும் கையில் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இங்க பாருங்கம்மா" என்றது மேசை.

"குண்டூசி. நீ எங்கிட்ட வந்தப்ப உனக்குப் பத்தொம்பது நாளு. அழுதுக்கிட்டே இருந்தே. என்ன பண்றதுன்னு எனக்கும் தெரியல, அப்பாவுக்கும் தெரியல. கையை நல்லாக் கழுவிட்டு சுண்டுவிரலை உன் வாயில வச்சேன். ஒரு பல்லு இல்ல. ஈறாலயே புடிச்சிக் கடிச்சே பாரு, விடவே இல்ல. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் விடல. நீ முதல்ல கடிச்சது என்னைத்தான்டி. யார்கிட்டயும் நான் புகார் கொடுக்கல. அப்புறம் முளைச்ச பல்லு ஒவ்வொண்ணும் நான் பாக்க, என் வீட்டுல முளைச்சது."

குண்டூசி அட்டையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அப்ப தொண்ணூத்தி நாலு?"

"அது அவங்க தட்டு." அவள் அந்தக் கால்களை விடாமல், எழுத்தருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகச் சொன்னாள்.

"நான் உன்னைப் பெறலடி கண்ணு."